பீடிக்கட்டுக் காகிதமும் மரபுடைமைதான்

இந்திய மரபுடைமை நிலையத்தின் பொறுப்பாளர்களுக்கும், தேசிய நூலக வாரியத்தின் தமிழ்மொழிச் சேவைப் பிரிவினருக்கும்,

வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். சிங்கப்பூர்த் தமிழர்களிடையே புழங்கிய புகையிலைக் காகிதங்களைத் திரட்டுங்கள். பீடிக்கட்டு லேபிள், சுருட்டுப் பெட்டியின் ஒட்டுப்படம், சிகரெட் பெட்டிக்குள் இலவசமாக வந்த வண்ணப்பட அட்டை, கடைச் சுவரில் தொங்கிய கம்பெனி காலண்டர், துருப்பிடித்த தகர விளம்பரம், எதையும் விடவேண்டாம். திரட்டியதும் ஒவ்வொன்றுக்கும் கீழே, இலை எந்த ஊரில் விளைந்தது, யார் சுற்றினார்கள், எங்கே அச்சடித்தார்கள், யார் விற்றார்கள் என்பதைத் தமிழில் எழுதி வையுங்கள். இந்த இரண்டாவது வேலை நடக்காவிட்டால் முதல் வேலையால் பெரிய பயன் இல்லை. ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமான மடல்.

எனக்குச் சிகரெட் வாடையே ஆகாது. பழைய காகிதம் சேர்ப்பது மட்டும்தான் பழக்கம். அதுவும் ஒரு போதைதான் என்பார் என் மனைவி. சுங்கை ரோடு திருட்டுச் சந்தையை 2017 ஜூலையில் மூடும்வரை, அங்கே தரையில் விரித்த தார்ப்பாய்களில் குனிந்து பொறுக்கியவைதான் என் சேகரிப்பில் பாதி. மீதி, கடையை மூடிக்கொண்டு போனவர்கள் "இந்தக் குப்பையை எடுத்துக்கொண்டு போங்கள்" என்று கொடுத்தவை.

இந்த அட்டைகள் எப்படி வந்தன என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 19ஆம் நூற்றாண்டில் சிகரெட் மெல்லிய காகித உறையில் வந்தது. நசுங்காமல் இருக்க உள்ளே ஒரு கெட்டி அட்டையைச் செருகினார்கள். அட்டை வெறுமனே இருப்பானேன் என்று அதில் படம் அச்சிட்டார்கள். அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்டில் இருந்த ஆலன் அண்ட் ஜின்டர் நிறுவனம் 1880களில் பறவைகள், கொடிகள், குத்துச்சண்டை வீரர்கள், செவ்விந்தியத் தலைவர்கள் என்று 50 படங்கள் கொண்ட வரிசைகளாக வெளியிட்டது. 49 கிடைத்தவன் ஐம்பதாவதற்காக இன்னொரு பெட்டி வாங்குவான். வியாபாரத் தந்திரம் அவ்வளவுதான்.

ஆனால் அந்தத் தந்திரம் தேவைப்பட்டதற்குப் பின்னால் ஓர் இயந்திரம் இருந்தது. கை தேர்ந்த ஒருவர் நாள் முழுக்கச் சுற்றினாலும் சுமார் 3,000 சிகரெட்தான் தேறும். போன்சாக் என்ற இளைஞர் உருவாக்கிய இயந்திரம் ஒரே நாளில் 1 லட்சத்துக்கும் மேல் தள்ளியது. வட கரோலைனாவின் டர்ஹம் நகரத்து டியூக் குடும்பம் 1880களின் நடுவில் அதைக் கைப்பற்றிக்கொண்டது. சரக்கு மலைபோல் குவிந்தது, குடிக்க ஆள் இல்லை. ஆளைத் தேடிப் பிடிக்கத்தான் நடிகைகளின் படம் போட்ட அட்டை. அந்த நடிகைப் படங்கள் அசிங்கமாக இருக்கின்றன, நிறுத்து என்று தந்தை வாஷிங்டன் டியூக்கே 1894ல் மகனுக்குக் கடிதம் எழுதினார். மகன் ஜேம்ஸ் டியூக் அதற்குள் அமெரிக்கச் சிகரெட் தொழிலின் பெரும்பகுதியை ஒரே நிறுவனத்துக்குள் கொண்டுவந்திருந்தார்.

டர்ஹம் என்ற ஊரின் பெயரை உலகுக்குக் கொண்டுபோனது ஒரு காளை மாடு. 'புல் டர்ஹம்' என்ற தூள் புகையிலையின் சின்னம் அது. இங்கிலாந்துக் கடுகு டப்பா ஒன்றில் இருந்த காளைத் தலையைப் பார்த்து எடுத்தது என்று சொல்வார்கள். ஆக, கடுகு டப்பாவிலிருந்து இரவல் வாங்கிய மாடு ஓர் ஊரின் முகமாகிவிட்டது. இன்றும் அந்த ஊரின் பேஸ்பால் அணிக்குக் காளைதான் பெயர். அந்த வட்டாரத்தின் மஞ்சள் இலையை முதலில் பயிரிட்டுப் பதப்படுத்தியவர்களில் பெரும்பாலோர் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்கள். விடுதலைக்குப் பிறகும் இலையிலிருந்து காம்பு கிழிக்கும் வேலை, தூசி படிந்த மோசமான வேலை, அவர்கள் தலையில்தான் விழுந்தது. விளம்பர அட்டைகளில் அவர்களைத் தேடிப் பாருங்கள். ஒன்று இருக்கமாட்டார்கள்; இருந்தால் கேலிச்சித்திரமாக இருப்பார்கள்.

இதைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஒரு வட்டாரம் தன்னைப் பற்றி எந்தக் கதையை விற்க விரும்பியது என்பதை அட்டையின் முன்பக்கம் காட்டும். பொருளாதாரம் எப்போதும் பின்பக்கத்தில் இருக்கும். 1909 முதல் 1911 வரை வெளியான டி206 என்ற பேஸ்பால் அட்டை வரிசையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் ஹோனஸ் வாக்னர் என்ற ஆட்டக்காரரின் அட்டை ஒன்று 2022ல் 72.5 லட்சம் அமெரிக்க டாலருக்கு விலைபோனது. பத்திரிகைகளுக்கு அந்த விலைதான் செய்தி. எனக்குப் பிடித்தது அந்த வரிசையின் பல அட்டைகளுக்குப் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் தொழிற்சாலை எண். 'ஆலை எண் 25, வர்ஜீனியா 2ஆவது வட்டம்' என்று இருக்கும். வரித்துறைக்காக அச்சிட்ட வரி. ஆட்டக்காரர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் அட்டை எந்த ஊர் என்பதை அந்த வரி காட்டிக்கொடுத்துவிடும்.

சரி, நம் பக்கத்துக்கு வருகிறேன்.

1902ல் அமெரிக்க டியூக்கும் பிரிட்டனின் இம்பீரியல் நிறுவனமும் சண்டையை நிறுத்திக்கொண்டு, மற்ற நாடுகளைப் பங்குபோட பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோவை உருவாக்கினார்கள். அதன் அட்டைகளும் காலண்டர்களும் சீனத்திலும் தென்கிழக்காசியாவிலும் கொட்டின. அதற்கு எதிராக 1905ல் ஹாங்காங்கில் ஜியான் சகோதரர்கள் தொடங்கியது நான்யாங் சகோதரர்கள் புகையிலை நிறுவனம். தென்கடல் நாடுகளை, அதாவது நம்மையும் நம் அண்டை அயலையும், பெயரிலேயே வைத்திருந்த நிறுவனம். தொடக்கத்தில் அது கால் ஊன்றியதும் இந்த நாடுகளின் சீனர்களிடம்தான். சீனர் சீனச் சிகரெட்டைத்தான் குடிக்கவேண்டும் என்பது அதன் விளம்பரத்தின் உயிர். வெளிநாட்டுப் பொருள்களைப் புறக்கணிக்கும் இயக்கம் சீனத்தில் கிளம்பிய போதெல்லாம் அதன் விற்பனை ஏறியது. அடையாளத்தைச் சிகரெட் பெட்டிக்குள் மடித்து விற்றார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. சிங்கப்பூரில் சீனக் காகிதம் சேர்க்கும் நண்பர்கள் இந்தக் கதையை மனப்பாடமாகச் சொல்வார்கள். அவர்களிடம் கேட்டு, கண்டு, எழுதி வைத்ததெல்லாம் நிறைய இருக்கிறது. நம்மிடம் அப்படி ஒரு கதை உண்டா என்று என்னைக் கேட்டால், உண்டு, அதைச் சொல்லத்தான் ஆள் இல்லை என்பேன்.

திருச்சி உறையூரில் சுற்றிய சுருட்டு, விக்டோரியா காலத்து லண்டனிலேயே 'ட்ரிச்சி' என்ற செல்லப் பெயரோடு புகைந்தது. அதற்கான இலை திண்டுக்கல் பக்கத்திலிருந்து போனது. யாழ்ப்பாணத்து விவசாயி கிணற்று நீர் இறைத்து வளர்த்த புகையிலை, வெற்றிலையோடு மெல்லுவதற்காகத் திருவாங்கூருக்குக் கப்பலேறியது. சுருட்டாகச் சுற்றியது தென்னிலங்கைச் சந்தைகளுக்குப் போனது, அங்கே யாழ்ப்பாணத்தார் நடத்திய சுருட்டுக்கடை இல்லாத பட்டணமே இல்லை என்னும் அளவுக்கு. அந்தப் புகையிலைக் காசில் படித்த பிள்ளைகளும் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் ரயில்வே குமாஸ்தாக்களாக வந்தார்கள். இலங்கைத் தமிழர் வரலாறு என்று காட்சிப் பேழையில் சான்றிதழையும் குடும்பப் புகைப்படத்தையும் வைக்கிறோம். பக்கத்தில் ஒரு சுருட்டுப் பெட்டி இருந்தால்தான் படிப்புச் செலவு எங்கிருந்து வந்தது என்பது விளங்கும்.

அப்புறம் டெலி. கடலுக்கு அந்தப் பக்கம், சுமத்ராவில் மேடானைச் சுற்றிய நிலம். 1863ல் நீன்ஹெயிஸ் என்ற டச்சுக்காரர் அங்கே தொடங்கிய புகையிலைத் தோட்டம், சில ஆண்டுகளில் உலகின் மிக மெல்லிய சுருட்டு மேலிலையைத் தந்தது. ஆம்ஸ்டர்டாமில் ஏலம். அமெரிக்காவின் கனெடிகட் விவசாயிகள் இந்தப் போட்டியைத் தாங்க முடியாமல், 1900ல் சுமத்ரா விதையை வாங்கி, வயலுக்கு மேலே துணிப்பந்தல் போட்டு நிழலில் வளர்க்கத் தொடங்கினார்கள் என்றால் பாருங்கள். சீனக் கூலிகளை டெலிக்கு ஏற்றி அனுப்பிய தரகர்களின் கூடம் சிங்கப்பூரும் பினாங்கும். வாய்க்கால் வெட்டவும் மாட்டுவண்டி ஓட்டவும் போனவர்களில் தமிழர்கள் இருந்தார்கள். மேடானில் அவர்களுடைய கோயில்களும் குடியிருப்பும் இன்றும் உண்டு. 1880ல் வந்த கூலிச் சட்டப்படி, ஒப்பந்தம் முடியுமுன் தோட்டத்தைவிட்டு ஓடினால் சிறை. டெலி இலை சுற்றிய ஐரோப்பியச் சுருட்டுப் பெட்டிகளின் உள்மூடியில் பனைமரமும் பொன் விளிம்பும் பதக்கங்களும் மின்னும். வண்டிக்காரத் தமிழர் அதில் இல்லை. நாம் எழுதும் விளக்கக் குறிப்பில்தான் அவருக்கு இடம் கொடுக்க முடியும்.

பீடிக்கு வந்தால் விஷயம் இன்னும் நெருக்கம். சிங்கப்பூருக்கு வந்த கடையநல்லூர், தென்காசி மக்களின் சரித்திரத்தைத் தஞ்சோங் பகாரில் தொடங்கி உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி வரை நீங்கள் அறிவீர்கள். அவர்கள் விட்டுவந்த அதே தென்காசி, திருநெல்வேலி வட்டாரத்தில்தான் வீட்டுத் திண்ணைகளில் பெண்கள் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றுகிறார்கள். கம்பெனி இலையும் தூளும் நூலும் கொடுக்கும். சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. சரியில்லை என்று கழித்துவிட்டால் அந்த உழைப்புக்குக் காசு இல்லை. இந்தக் குறைகளுக்காகத்தான் 1966ல் பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்கென்று இந்திய நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது.

இப்போது லேபிளைப் பாருங்கள். பெரும்பாலும் நடுவில் வட்டத்துக்குள் முதலாளியின் புகைப்படம். தலைப்பாகையோ தொப்பியோ, மீசை, நேரான பார்வை. பக்கத்தில் பெரிய எண் ஒன்று. எழுத்துத் தெரியாதவரும் "அந்த நம்பர் பீடி" என்று கேட்டு வாங்கலாம். போலி அடிப்பவனுக்கும் முகத்தைத் திருடுவது கொஞ்சம் கஷ்டம். கீழே ஊர்ப்பெயர். அச்சடித்தது பெரும்பாலும் சிவகாசி. தீப்பெட்டிக்காக வளர்ந்த அச்சுத்தொழில் பீடிக்கும் பட்டாசுக்கும் காலண்டருக்கும் சேர்த்தே சாயம் போட்டது. லேபிளில் ஓர் ஊர்தான். ஆனால் பீடியைப் பிரித்தால், இலை மத்தியப் பிரதேசத்துக் காட்டிலோ ஒடிசாவிலோ பறித்தது. தூள் குஜராத்திலோ கர்நாடகத்து நிப்பாணியிலோ விளைந்தது. கை மட்டும் நெல்லைச் சீமைப் பெண்ணுடையது. சுற்றிய பெண்ணின் முகம் எந்த லேபிளிலும் நான் பார்த்ததில்லை. டர்ஹமுக்கும் நெல்லைச் சீமையின் முக்கூடலுக்கும் நடுவே பாதி உலகம் இருக்கிறது, ஆனாலும் யாரைக் காட்டுவது, யாரை மறைப்பது என்பதில் இரண்டு ஊர்ப் படம் வரைபவரும் ஒரே பள்ளியில் படித்தவர் மாதிரி இருக்கிறார்கள்.

வில்ஸ் கம்பெனியின் 'சிசர்ஸ்' சிகரெட்டையும் சொல்லவேண்டும். நம் தாத்தாக்களின் கத்தரி மார்க். அந்தப் பெட்டிகளோடு வந்த வரிசைகளில் ஒன்று இந்தியப் படைப்பிரிவுகள் பற்றியது: சீருடையும் தலைப்பாகையுமாக விறைத்து நிற்கும் வீரர்கள், இன்ன பிரிவு, இன்ன சாதி என்று பேரரசு மனிதர்களை வகைபிரித்து அடுக்கிய கண்காட்சி. அதைச் சேகரித்து விளையாடியவர்கள் அந்த வகைபிரிப்பையும் சேர்த்தே மனதில் வாங்கிக்கொண்டிருப்பார்கள். முதல் உலகப் போரின்போது 1917லும், அடுத்த போரில் 1940லும் காகிதத் தட்டுப்பாட்டால் பிரிட்டனில் அட்டைகள் நின்றன. தமிழ்நாட்டுப் பையன்கள் கவலைப்படவில்லை. வெற்றுப் பெட்டியின் முகப்பையே கிழித்து, ஒவ்வொரு மார்க்குக்கும் ஒரு மதிப்பு வைத்து, சில்லு எறிந்து சிகரெட் அட்டை விளையாடினார்கள். இங்கே தேக்கா பக்கத்தில் வளர்ந்த என் வயதுக்காரர்களுக்கும் அந்த ஆட்டம் புதிதல்ல.

இவையெல்லாம் சிங்கப்பூரில் மக்கள் கைக்கு வந்து சேர்ந்த இடம் மாமா கடை. ஐந்தடி நடைபாதையில் ஒட்டிக்கொண்டும், பிறகு வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்திலும் நம் மக்கள் நடத்திய அந்தப் பெட்டிக்கடையில் சிகரெட் குச்சி குச்சியாக விற்றது. எந்தத் தொழிலாளி எதைக் கேட்பார், சம்பள நாளில் எது ஓடும், மாதக் கடைசியில் எது ஓடும் என்பது அந்த மாமாக்களுக்குத்தான் தெரியும். ஒரு வட்டாரத்தின் பொருளாதாரத்தை இதைவிடக் கிட்டத்தில் இருந்து பார்த்தவர்கள் யார்? அவர்களில் பலர் இப்போது எண்பதைத் தாண்டியவர்கள். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979லிருந்து இயங்குகிறது. அங்கே இவர்களை உட்காரவைத்து, கையில் ஒரு பழைய லேபிளைக் கொடுத்து, "இது யாருக்கு விற்றீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். காகிதத்தைக் கையில் பிடித்த மனிதர் பேசுகிற மாதிரி, வெறும் கேள்விக்கு யாரும் பேசுவதில்லை.

தயக்கம் எங்கே வரும் என்று எனக்குத் தெரியும். புகையிலை விளம்பரத்தை 1971லேயே தடை செய்த நாடு இது. 2017 ஆகஸ்டிலிருந்து கடைகளில் சிகரெட்டை வெளியே தெரியும்படி வைக்கவும் கூடாது. 2020 ஜூலையிலிருந்து எல்லா மார்க்கும் ஒரே மங்கிய பழுப்புப் பெட்டி, அதில் முக்கால் பாகம் அழுகிய நுரையீரல். இந்தச் சட்டங்கள் ஒவ்வொன்றையும் நான் ஆதரிக்கிறேன். அப்படிப்பட்ட நாட்டின் அரசு நிறுவனம் சிகரெட் படத்தைச் சுவரில் மாட்டலாமா என்று யாராவது கேட்பார்கள். சட்ட ஆலோசகரிடமும் சுகாதார அறிவியல் ஆணையத்திடமும் முதலிலேயே பேசிவிடுங்கள். வெளியே காட்ட முடியாத ஒன்றிருந்தால் ஆய்வாளர்களுக்கு மட்டும் திறந்து வையுங்கள். திரட்டுவதற்கும் காட்டுவதற்கும் இடையே பத்து வருடம் இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் திரட்டாமல் விட்டால் காட்டுவதா என்ற கேள்வியே எழாது. அந்தப் பழுப்புப் பெட்டியிலும் ஒன்றைச் சேர்த்து வையுங்கள். அதுவும் விளம்பர அட்டைதான், விளம்பரம் செய்வது மட்டும் இந்த முறை அரசாங்கம்.

தயவுசெய்து 'அந்தக் காலத்து அழகு' என்று தலைப்புப் போட்டு ஓர் ஏக்கக் கண்காட்சியை மட்டும் நடத்திவிடாதீர்கள். அப்படி நடத்துவதைவிடச் சும்மா இருப்பது நல்லது. அட்டை அழகாக இருக்கக் காரணமே அது மறைக்க வேண்டியவை ஏராளமாக இருந்ததுதான்.

பெரிய பணம் தேவை என்றும் நினைக்கவேண்டாம். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலைக்கூடத்தில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட விளம்பரக் காகிதங்கள் இருக்கின்றன. கொடுத்தவர் ஜெபர்சன் பர்டிக். சிரக்யூஸ் நகரத்தில் மின்சாதன ஆலைத் தொழிலாளி. வசதியானவர் இல்லை, மூட்டுவாதத்தால் விரல்கள் மடங்கிப் போனவர். கலைக்கூடத்துக்கே போய் உட்கார்ந்து வருடக்கணக்கில் ஆல்பங்களில் ஒட்டி, 1963 ஜனவரியில் வேலையை முடித்து, மார்ச்சில் இறந்தார். மேலே சொன்ன 'டி206' என்ற குறியீடே அவர் வகுத்த அட்டவணையிலிருந்து வந்ததுதான். லண்டனில் எட்வர்ட் வார்ட்டன்-டைகர் விட்டுச்சென்ற 10 லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகள் 1995ல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போயின. நியூயார்க் பொது நூலகம் தன் ஏரண்ட்ஸ் தொகுப்பின் அட்டைகளை இணையத்தில் யாரும் பார்க்க வைத்திருக்கிறது. இவற்றில் நமக்கு அதிகம் உதவக்கூடியது பர்டிக்கின் வழிதான்: ஒரு மனிதர், ஒரு அட்டவணை, பிடிவாதம். அவர் செய்ததில் ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். ஒட்டாதீர்கள். ஒட்டினால் பின்பக்கம் போய்விடும். சிங்கப்பூரின் ஈரக்காற்றில் பசை பிடித்த காகிதம் பழுப்பேறி உரிந்தும் போகும்.

ஆள்பலத்துக்கும் முன்மாதிரி நம்மிடமே இருக்கிறது. 2015ல் தமிழ் மின்மரபுடைமைத் திட்டத்துக்காக எத்தனையோ தன்னார்வலர்கள் உட்கார்ந்து, 50 ஆண்டுச் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியத்தை மின்னிலக்கமாக்க உதவினார்கள். அந்த வேலைக்குப் பிழைதிருத்த வந்தவர்களே இதற்கும் வருவார்கள். இலக்கியத்தைவிட இதில் வாசிப்பது குறைவு, விசாரிப்பது அதிகம். ஊர்ப்பெயர் கண்டுபிடிக்க நம் ஆட்களைவிடக் கெட்டிக்காரர் கிடையாது. ஒரு லேபிளை மேசையில் வைத்தால் "இது மேலப்பாளையம், எங்கள் சின்னம்மா வீட்டுக்குப் பக்கத்து ஆள்" என்று சொல்ல ஒருவர் இருப்பார்.

என் அட்டைகளையும் லேபிள்களையும் உங்களுக்கே தரத் தயாராக இருக்கிறேன். விலை வேண்டாம், என் பெயரைப் பேழையில் போடவும் வேண்டாம். ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் படமெடுக்கவேண்டும். குறிப்பு தமிழில் இருக்கவேண்டும், ஊர்ப்பெயர்கள் உள்ளூர்க்காரர் எழுதுகிறபடி இருக்கவேண்டும். கிழிந்தது, கறைபட்டது என்று எதையும் கழிக்கக் கூடாது. இந்த மூன்றுக்கும் எழுத்தில் சம்மதம் வந்தால், கேம்பல் லேனுக்கு நானே பெட்டியோடு வருகிறேன். மரபுடைமை நிலையத்தில் இடம் போதாது என்றால் நூலகத்துக்கு வருகிறேன். இரண்டு தரப்பும் "அது அவர்கள் வேலை" என்று ஒருவரை ஒருவர் கைகாட்டிவிடக் கூடாது என்றுதான் ஒரே மடலில் இருவர் பெயரையும் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
சிராங்கூன் சாலைப் பக்கத்துக் காகிதப் பைத்தியம் ஒருவன்